தினமும் கீரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு 34 வயது. ஹீமோகுளோபின் 9.6 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் பொரியல் என்று ஆறு மாதமாகச் சாப்பிட்டும் ஏறவில்லை. வேலைக்குப் போகிறவள், எனக்கென்று தனியாகச் சமைக்க நேரமில்லை. அசைவம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வீட்டில் அன்றாடம் செய்யும் சமையலையே சத்தானதாக மாற்ற வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் 9.6 என்பதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய நினைக்காதீர்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். டாக்டரைப் பார்த்து, அவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டே ஆக வேண்டும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது நிற்காதவரை எந்தச் சாப்பாடும் ஈடுகட்டாது. இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள்.

இப்போது சமையலுக்கு வருவோம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்டு முடித்ததும் என்ன குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இட்லியைச் சாப்பிட்டுக் கை கழுவியதும் காபி, மதியச் சாப்பாடு முடிந்ததும் டீ என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. டீ, காபியில் உள்ள பாலிஃபீனால்கள் அதையும் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். காபியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இந்த ஒன்றுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். கால்சியமும் இரும்பு சேர்வதைச் சற்றுக் குறைக்கும் என்பதால் சிலர் தயிரையே ஒதுக்குகிறார்கள். அது தேவையில்லை, மோர் சாதத்தை நிறுத்த வேண்டாம்.

அடுத்தது வைட்டமின் சி. இது பக்கத்தில் இருந்தால் அதே கீரையிலிருந்து கூடுதல் இரும்பு உடலில் சேரும். 100 கிராம் முருங்கைக்கீரையில் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, வைட்டமின் சியும் நிறையவே இருக்கிறது. ஆனால் வேகும்போது அந்த வைட்டமினில் பெரும்பகுதி போய்விடும். அதனால் பொரியலை இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். பச்சை நெல்லிக்காய்த் துவையல், இரண்டு துண்டு கொய்யா எது கிடைத்தாலும் சாப்பாட்டோடு சேருங்கள். தேன் நெல்லிக்காயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் சர்க்கரைதான் அதிகம்.

பீட்ரூட் நல்ல காய். ஆனால் நிறம் சிவப்பு என்பதற்காக அது ரத்தம் ஊறச் செய்யும் என்று நம்ப வேண்டாம். 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. தீட்டிய அரிசியும் அப்படித்தான். கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, கேழ்வரகில் நாலரை. எனவே இட்லிக்கு நனைக்கும் நாலு டம்ளர் அரிசியில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் கம்பு போடுங்கள். மாவு புளிக்கும்போது, இரும்பைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் குறைகிறது. இரவு புளிக்க வைத்துக் காலையில் கரைத்துக் குடிக்கும் கம்பங்கூழுக்கும் இந்த நன்மை உண்டு. பச்சைப்பயறு, தட்டைப்பயறை ஊறவைத்து முளைகட்டிச் சமைத்தாலும் ஃபைட்டேட் குறையும்.

ஞாயிற்றுக்கிழமையை வீணாக்காதீர்கள். ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) இரண்டிலும் உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும் வகை இரும்பு இருக்கிறது. அதோடு, கூடவே சாப்பிடும் கீரை, பயறிலிருந்தும் அதிக இரும்பு சேர மாமிசம் உதவுகிறது. பல வீடுகளில் கறி சமைக்கும் அன்று கீரைக்கு விடுமுறை. உங்கள் வீட்டில் அன்றைக்கும் ஒரு கீரைக் கூட்டு இருக்கட்டும்.

பரணில் பழைய இரும்புச் சட்டி கிடந்தால் எடுத்துப் பழக்குங்கள். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்றவற்றை அதில் வைத்தால் புளிப்பு கொஞ்சம் இரும்பைக் குழம்பில் இறக்கிக்கொடுக்கும். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் குழம்பு கறுத்து, ருசி கெட்டுவிடும்.

மாத்திரையைக் காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்த்து விழுங்காதீர்கள். தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ போதும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையால் அப்படி ஆகும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக நிறுத்திவிடாமல், அளவை மாற்றித்தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அப்போதும் அளவு அசையவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறதா என்று அவர் தேடிப்பார்க்க வேண்டியிருக்கும்.