கிழக்குப் பாலியில் ஒரு நெசவூர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாலி என்றாலே கடற்கரையையும் கோயிலையும்தான் காட்டுகிறார்கள். அங்கே கைத்தறிக்கென்று ஓர் ஊர் உண்டா?
– சின்னாளபட்டி வாசகர்

உண்டு. தெங்கனான் பெக்ரிங்சிங்கான் என்பது முழுப்பெயர். காரங்காசெம் மாவட்டத்தில், சண்டிதாசா கடற்கரைச் சாலையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே, குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. வடக்கு தெற்காக மூன்று அகலத் தெருக்கள் படிபடியாக மேலேறிப் போகும். ஊர் கூடிப் பேசும் நீள மண்டபமும் எருமைகளும் தெருவிலேயே இருக்கும். ஊரார் ‘பாலி ஆகா’ எனப்படும் பழம்பாலியர். ஜாவாவின் மஜபாகித் பேரரசின் செல்வாக்கு வருவதற்கு முந்திய வழக்கங்களில் பலவற்றை விடாமல் வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு முதல் தெய்வம் இந்திரன். மற்ற பாலியரைப் போல இறந்தவரை எரிப்பதில்லை, புதைக்கிறார்கள்.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது கெரிங்சிங் என்ற பருத்தித் துணி. நூலில் முடிச்சுக் கட்டிச் சாயமேற்றி நெய்யும் இக்கத் இந்தோனேசியா முழுக்க உண்டு. சும்பா தீவில் பாவில், அதாவது நீளவாக்கு நூலில் மட்டும் கட்டுவார்கள். பாலியின் மற்ற ஊர்களில் கிடைக்கும் ‘எண்டெக்’ துணியில் ஊடையில், அதாவது குறுக்கு நூலில் மட்டும். பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயமிடும் மரபு அந்த நாட்டில் இந்த ஓர் ஊருக்குத்தான் உரியது. உலகத்தில் வேறெங்கே என்றால் குஜராத்தின் பாட்டன், தெலங்கானாவின் போச்சம்பள்ளி, புட்டபாக்கா வட்டாரம், ஜப்பான் என்று சில இடங்களைத்தான் சொல்ல முடியும்.

சாயமேற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். ஒரு துணிக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்கிறார்களே, அது விளம்பரப் பேச்சா?
– சென்னிமலை நெசவாளர்

விளம்பரமில்லை. ஆனால் நெசவு அதில் சிறு பங்குதான். காலத்தைத் தின்பது எண்ணெயும் சிவப்பும்.

கையால் நூற்ற பருத்தி நூல் எதிரிலுள்ள நூசா பெனிடா தீவிலிருந்து வருவது வழக்கம். கெமிரி என்ற கொட்டையின் எண்ணெயை மரச்சாம்பல் தெளிநீரில் கலந்து அதில் நூலை ஊறப் போடுவார்கள். குறைந்தது 42 நாள். பாலிக் கணக்கில் 35 நாள் கொண்ட ஒரு மாதமும் ஒரு வாரமும். மாதக்கணக்கில் விட்டுவைப்பவர்களும் உண்டு. சாம்பல் காரம் எண்ணெயை உடைத்து நூலுக்குள் இறக்குகிறது. பின்னால் வரும் சிவப்பு அந்த எண்ணெய்ப் பிடிப்பில்தான் நிற்கும். இங்கே அவசரப்பட்டால் துணி பழுப்பும் ரோஸுமாக வெளிறிப்போகும். சீராலா, புட்டபாக்கா பக்கம் தேலியா ருமால் என்ற துணிக்கு ஆமணக்குக் காய்ச் சாம்பலும் எண்ணெயும் வைத்து நூலைப் பதப்படுத்துகிறார்களே, அதே வேலை.

அடுத்தது கட்டு. பாவையும் ஊடையையும் தனித்தனிச் சட்டங்களில் சுற்றி, வடிவத்தின்படி நூல் கற்றைகளை இறுகக் கட்டுவார்கள். முன்பு பனையோலைக் கீற்று, இப்போது பிளாஸ்டிக் நாடா. கட்டு தளர்ந்தால் சாயம் உள்ளே கசிந்து விளிம்பு கலங்கும். பிறகு அதைத் திருத்த வழியில்லை.

முதல் சாயம் அவுரி நீலம். இதைத் தெங்கனானில் போடுவதற்கு ஊர் வழக்கப்படி தடை. நூலைப் பக்கத்திலுள்ள புக்புக் ஊருக்கு அனுப்பித் தோய்த்து வாங்குகிறார்கள். திரும்பி வந்ததும் சிவப்பு வரவேண்டிய கட்டுகளை மட்டும் அவிழ்ப்பார்கள். கட்டு அவிழ்ந்த வெள்ளை நூலில் சிவப்பு ஏறும். ஏற்கெனவே நீலமான இடத்தில் அதே சிவப்பு ஏறினால் கருஞ்சிவப்பாகி, கருப்பை நெருங்கும். கடைசிவரை கட்டிலேயே இருந்த இடம் எண்ணெய் ஏறிய வெளிர்மஞ்சள். துணியில் தெரியும் மூன்று நிறமும் இப்படி இரண்டே சாயத்தில் கிடைப்பவை.

சிவப்புக்கு மெங்குடு மரத்தின் வேர்ப்பட்டை. நம் ஊர் மஞ்சநத்திக்கு நெருங்கிய உறவு. இன்று நோனிச் சாறு என்று புட்டியில் விற்கிறார்களே, அந்தக் காய் காய்க்கும் மரமேதான். பட்டையை இடித்து, கெபுண்டுங் மரப்பட்டையும் சேர்த்து, அந்த நீரில் நூலைப் போடுவார்கள். வேரின் உள்மரம் அதிகம் கலந்துவிட்டால் நிறம் மஞ்சள் பக்கம் சாய்ந்துவிடும். ஒரு தோய்ச்சலில் கிடைப்பது வெறும் இளஞ்சிவப்பு. காயவைத்து, நாள்கணக்கில் ஆறவிட்டு, மறுபடி மறுபடி தோய்த்தால்தான் அந்த ரத்தச் சிவப்பு வரும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை இரண்டாண்டு, சில துணிக்கு ஐந்தாண்டுகூட ஆவது இதனால்தான்.

பிறகு தறி. இடுப்பில் வார் கட்டித் தரையில் உட்கார்ந்து பெண்கள் நெய்வது. பாவு முடிவில்லாத வளையமாக ஓடும். ஒவ்வொரு ஊடையையும் போட்டபின் கூரான ஊசியால் நூல்களை நகர்த்தி, பாவிலுள்ள நிறமும் ஊடையிலுள்ள நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி சேர்த்த பிறகே அடிப்பார்கள். இப்படி நகர்த்த இடம் வேண்டும் என்பதால்தான் துணி சற்று இளக்கமாக இருக்கிறது. அதைத் தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். வளையம் வெட்டாத துணிக்கே சடங்கில் மதிப்பு அதிகம்.

பாட்டன் பட்டோலாவைப் பார்த்துத்தான் இவர்கள் கற்றார்களா?
– மதுரை வாசகி

பாட்டனின் இரட்டை இக்கத் பட்டுத் துணியான பட்டோலா பல நூற்றாண்டுகளாக அந்தத் தீவுகளுக்குக் கப்பலேறியது உண்மை. அங்கே அது அரண்மனைச் சொத்தாகவும் பூசைப் பொருளாகவும் இருந்தது. கெரிங்சிங்கின் சில வடிவங்களில் அதன் சாயல் தெரிகிறது. ஆனால் பட்டோலா பட்டு நூல், சாய்வான தறி, இருவர் நெசவு. இது பருத்தி, இடுப்புத் தறி, ஒருத்தி நெசவு. வடிவம் பயணப்பட்டிருக்கலாம். தொழில்நுட்பம் அப்படியே வந்தது என்று சொல்ல இது போதாது.

அந்த ஊரில் நிலத்தை விற்கவே முடியாதாமே?
– தேனி வாசகர்

வெளியாருக்கு விற்கவோ அடகு வைக்கவோ ஊர்ச்சட்டம் இடம் தருவதில்லை. ‘அவிக்-அவிக்’ என்ற அந்தச் சட்டம் ஓலையில் எழுதப்பட்டது. 1841இல் தீயில் எரிந்து, மறு ஆண்டு திரும்ப எழுதினார்கள். வயலும் தோப்பும் காடுமாக ஊர் நிலம் ஏறத்தாழ 900 ஹெக்டேர். வயலை உழுவது பெரும்பாலும் பக்கத்து ஊர்க் குத்தகைக்காரர்கள். ஊராருக்கு நெல் பங்காக வந்துவிடுகிறது. இரண்டாண்டு கழித்து விலைபோகும் துணியில் உட்கார ஒரு குடும்பத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்றால் விடை இங்கேதான் இருக்கிறது.

தோப்புக்கும் சட்டம் உண்டு. டுரியன், கெமிரி, பங்கி, தெஹெப் ஆகிய நான்கு மரங்களின் காயைச் சொந்தக்காரரே பறிக்கக் கூடாது, தானாக விழ வேண்டும். இதற்கெல்லாம் மறுபக்கமும் இருக்கிறது. ஊர்ச்சபையில் முழு உறுப்பினராக இருக்கக் கணவன், மனைவி இருவரும் இந்த ஊரில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும். வெளியே மணந்தவருக்கு அந்த இடம் போய்விடும். கிழக்கேயுள்ள பண்டே தெரு அப்படி விலக்கப்பட்டவர்கள் குடியேறிய பகுதி. அழகான மரபு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாத விஷயம் இது.

முள் ஓலையால் அடித்துக்கொள்ளும் திருவிழா எப்போது?
– நாகர்கோவில் வாசகர்

மெகாரே-காரே என்பார்கள். ஊருக்கென்று தனி நாட்காட்டி, அதன் ஐந்தாம் மாதம் நடக்கும் உசாபா சம்பா விழாவில் வரும். பெரும்பாலும் ஜூனை ஒட்டி. தேதி ஆண்டுக்காண்டு மாறும், அதனால் விமானச் சீட்டு எடுக்குமுன் சண்டிதாசா விடுதிகளில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையில் முள் தாழை ஓலைக் கட்டு, மறு கையில் பின்னல் கேடயம். ஒவ்வொரு சுற்றும் சிறு பொழுதுதான், வெற்றி தோல்வி கிடையாது. முதுகில் கீறிய காயத்துக்கு மஞ்சளும் அரத்தையும் காடியும் கலந்த பூச்சு. அந்த நாட்களில் இளம்பெண்கள் ஏறிச் சுற்றும் பெரிய மர ராட்டினத்தையும் பார்க்கத் தவற வேண்டாம்.

அங்கே போனால் எதை வாங்கலாம்? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– கோவை வாசகி

துணியைப் புரட்டுங்கள். இரு புறமும் ஒரே அழுத்தமான நிறம் இருந்தால் அச்சடித்ததில்லை. பிறகு வடிவத்தின் விளிம்பைப் பாருங்கள். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லேசான கலங்கல் தெரிய வேண்டும். ஒரு திசையில் மட்டும் கலங்கி, மறு திசை கத்தி வெட்டுப் போல நேராக இருந்தால் அது பாவிலோ ஊடையிலோ மட்டும் கட்டிய ஒற்றை இக்கத். கடைசியாக, ஓரத்தில் தொங்கும் பாவு நூலைக் கவனியுங்கள். அதிலும் நிறம் மாறி மாறி வர வேண்டும்.

இயற்கைச் சாயத் துணி சிறு துண்டே பல லட்சம் இந்தோனேசிய ரூபியா சொல்வார்கள். அதற்குத் தயாரில்லை என்றால் ‘அத்தா’ கொடிக் கூடை வாங்கலாம். பின்னி, வெயிலில் காயவைத்து, தேங்காய் மட்டைப் புகையில் சில நாள் வைத்துத் தேன் நிறம் ஏற்றியது. முகர்ந்து பாருங்கள், புகை வாசம் வர வேண்டும். ஈர வாசம் வந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். துணி வாங்கினால் வெயிலில் காட்டாமல், சோப்புப் போடாமல், சுருட்டி வையுங்கள். ஒரே மடிப்பில் வைத்தால் பழைய எண்ணெய் நூல் அந்தக் கோட்டில்தான் முதலில் அறும்.