மாமாவின் றங்குப்பெட்டியும் அமெரிக்கப் பேய்களும்

கேள்வி: கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். வயது 26, தனியார் கம்பனி ஒன்றில் கணக்கு வேலை. கனடாவுக்குப் போன மாமாவின் றங்குப்பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. 95 இடப்பெயர்வில் அம்மம்மா அதை அப்படியே விட்டுவிட்டுப் போனாவாம். திறந்தால் முத்து, லயன், திகில் காமிக்ஸ். சில தனி இதழ்கள், மீதி தைத்துக் கட்டியவை. அன்றிலிருந்து எனக்குப் பேய்க் காமிக்ஸ் பைத்தியம். இணையத்தில் ஒருவர் 1952இல் வந்த அமெரிக்க இதழ், ஒறிஜினல் என்று சொல்லி 150,000 ரூபா கேட்கிறார். சீட்டை எடுத்து வாங்கலாமா? படங்களோடு வரும் லிமிட்டெட் எடிஷன் புத்தகங்கள், பழைய திகில் பட டிஸ்குகள் சேர்க்கவும் ஆசை. பேய்ப் புத்தகம் வீட்டில் இருந்தால் கலியாணம் தள்ளிப்போகும் என்று அம்மா ஏசுகிறா.

பதில்:

தங்கச்சி, சீட்டைத் தொட வேண்டாம்.

அந்த அமெரிக்க இதழ்களுக்கு ஏன் அவ்வளவு விலை என்று முதலில் பார்ப்போம். ஈசி காமிக்ஸ் நிறுவனம் 1950இல் 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' உட்பட மூன்று திகில் இதழ்களைத் தொடங்கியது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கூச்சல் எழுந்து, 1954இல் செனட் விசாரணை வரைக்கும் போனது. அதே ஆண்டு காமிக்ஸ் நிறுவனங்கள் தாங்களே ஒரு தணிக்கை விதியைக் கொண்டுவந்தன. தலைப்பில் 'ஹாரர்' என்ற சொல்லே வரக்கூடாது என்றது அந்த விதி. 1955 தொடக்கத்தோடு மூன்று இதழ்களும் முடிந்துபோயின. ஆயுள் குறைவு, பேர் பெரிது. அதனால்தான் விலை.

ஆனால் அந்தக் கதைகள் பிறகு பலமுறை மறுபதிப்பாகிவிட்டன. 70களிலும் 90களிலும் பழைய அட்டைப்படத்தையே போட்டு இதழ் இதழாக வெளியிட்டார்கள். தெரியாதவர் கையில் கொடுத்தால் ஒறிஜினல் என்றுதான் நினைப்பார். உங்கள் ஆளிடம் இரண்டு படம் கேளுங்கள்: அட்டையில் விலை அச்சான மூலை, உள்ளே பதிப்பு விவரம் பொடி எழுத்தில் இருக்கும் பக்கம். அசலின் விலை 10 சதம். விவரப் பக்கத்தை அனுப்ப மழுப்பினால் கதையை அத்தோடு விடுங்கள். அனுப்பினாலும், அது அசலாகவே இருந்தாலும், என் பதில் மாறாது. வாசிக்க ஆசையென்றால் ஒரு மறுபதிப்புத் தொகுப்பு போதும். அந்த இதழ்களைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் இருந்ததை யார் வைத்திருக்கிறார்கள்? 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984இல் லயன், 1986இல் திகில். அந்தத் தாள் கடல் தாண்டி வந்து, சண்டைக்குள் கை மாறி வாசிக்கப்பட்டு, வலிகாமமே வெளிக்கிட்டுப் போன பிறகும் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. 1981இல் யாழ் நூலகத்தின் 97,000 நூல்களை ஒரே இரவில் எரியக் கொடுத்த ஊர் இது. இங்கே ஒரு கட்டுக் காமிக்ஸ் தப்பியிருப்பது சும்மா விஷயமில்லை. நீங்கள் ஏற்கெனவே சேகரிப்பாளர்தான்.

ஆகவே காசைப் பெட்டிக்குச் செலவழியுங்கள். அதுவும் பெரிய காசில்லை. மலிவுத் தாளுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. வெயிலும் ஈரமும் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். நம் ஊர் மாரியும் உப்புக் காற்றும் முதலில் பிடிப்பது இதழின் நடுவில் அடித்திருக்கும் கம்பி ஊசியைத்தான். துருப்பிடித்த ஊசியைச் சுற்றித் தாள் பழுப்பாகியிருக்கும், தொட்டால் அந்த இடத்திலேயே கிழியும். அப்படியான இதழை முழுக்க விரித்துப் பிடிக்காதீர்கள். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டவே கூடாது, சில வருடத்தில் பசை தேன் நிறத்தில் ஊறித் தாளுக்குள் இறங்கிவிடும். லாமினேட் செய்வது அதைவிட மோசம். சான்றிதழ் முதல் சாமிப்படம் வரை எதைக் கண்டாலும் லாமினேட் செய்கிற ஊர் நம்முடையது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கொப்பிகளுக்குப் போடும் தடித்த பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து அட்டையில் ஒட்டும். அமிலமில்லாத அட்டையும் பாலியெஸ்டர் உறையும் மாமாவிடம் கேளுங்கள். கனடாவில் காமிக்ஸ் கடைகளிலேயே வாங்கலாம்.

தைத்துக் கட்டியதைப் பிரிக்காதீர்கள். ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், தையல் துளை இருக்கும், தனி இதழுக்குள்ள விலை அதற்குக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகட்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக்கூடச் சேர்த்துத் தைத்து வைத்த யாழ்ப்பாணத்து வாசகரின் கைவேலை அது. இராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரிந்தால், இதழைக் காற்றுப் புகாத பையில் போட்டு பிரிட்ஜின் ஃப்ரீசரில் ஒன்றிரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் தாள் வியர்த்துப் பழுதாகும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கீழ்த்தட்டு கறையானுக்கு.

லிமிட்டெட் எடிஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மொத்தம் எத்தனை பிரதி, உங்களுடையது எத்தனையாவது என்று உள்ளே அச்சிடாமல் அட்டையில் மட்டும் 'லிமிட்டெட்' என்று போட்டால் அது வெறும் விளம்பரம். ஓவியர் கையெழுத்து என்றால், அது பேனாவால் போட்டதா அச்சில் வந்ததா என்று பாருங்கள். படம் பிடிக்காத புத்தகத்தை எண்ணுக்காக வாங்குவது எனக்கு விளங்காத பழக்கம்.

டிஸ்க் வாங்கும்போது கனடாச் சொந்தத்தைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். டிஸ்குகளை உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டலத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி விற்கிறார்கள். அங்கிருந்து வரும் டிவிடி மண்டலம் 1, நமது மண்டலம் 5. புளூரே என்றால் அங்கே ஏ, இங்கே சி. பிளேயர் எல்லா மண்டலத்துக்கும் பொதுவானதாக இல்லாவிட்டால் டிஸ்க் ஓடாமல் போகலாம். 4கே யூஎச்டி டிஸ்குக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. 1968இல் வந்த ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் தொடங்கலாம். தலைப்பை மாற்றியபோது காப்புரிமை வரி விடுபட்டு, படம் பொதுச் சொத்தாகிவிட்டது. அதனால் கண்டவரெல்லாம் மங்கலான பிரதிகளை விற்றார்கள். பழசு என்று அவற்றை வாங்காமல், 2016இல் மூல நெகட்டிவிலிருந்து சீர்செய்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

அம்மா விஷயம். புளியமரத்து முனியும் கொள்ளிவாய்ப் பேயும் சொல்லிச் சோறு தீத்தியவர்கள்தான் நம் அம்மாமார். வாதாடாமல் ஒரு கட்டை எடுத்து அவவின் மடியில் வையுங்கள். மாமாவோடு அதே வீட்டில் வளர்ந்தவ, அதில் பாதியை ஒளித்திருந்து வாசித்திருப்பா. கலியாணம் பேசி வருகிறவர்களுக்கு அலுமாரியைத் திறந்தே காட்டலாம்.

மாமாவுக்கு இந்தக் கிழமையே கோல் எடுங்கள். எந்தக் கடையில் வாங்கினார், யாரிடம் மாற்றினார், கட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். உறை அனுப்பச் சொல்ல மறக்க வேண்டாம்.