ஒட்டுவதும் உரிப்பதும் – கடிதம்

வணக்கம். மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். எட்டு ஆண்டுகள் குவைத்தில் வீட்டுவேலை செய்து நான் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டை அம்மா தங்கைக்குச் சீதனமாக எழுதிவிட்டார். அந்த மனத்தாங்கலை அரூப ஓவியமாக வரைந்துவருகிறேன். அக்ரிலிக் சிவப்பின் மேல் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் அம்மாவின் மருதமுனைக் கைத்தறிச் சேலைத் துண்டையும் ஒட்டியிருக்கிறேன். இதைக் கண்காட்சியில் வைத்தால் குடும்பத்துக்குத் துரோகமாகுமா? அருகில் விளக்கக் குறிப்பு வைக்கலாமா?

சி.

அன்பின் சி.,

துரோகம் என்ற பேச்சை முதலில் விடுங்கள். வீடும் வளவும் பெண்வழியாக இறங்குகிற நம் பக்கத்தில் அக்கா தங்கைச் சண்டை இல்லாத தெரு ஏது? அதை வரைவதால் புதிதாக எவர் மானமும் போய்விடாது. எட்டு ஆண்டுகள் பிறர் வீட்டைத் துடைத்தவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு.

ஆனால், நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோபத்துக்குச் சிவப்பு, அம்மாவுக்குச் சேலை, உழைப்புக்குப் பற்றுச்சீட்டு என்று வழக்குக்குச் சான்று அடுக்குவதுபோல் அடுக்கியிருக்கிறீர்கள். அம்மாவின் மேல் உங்களுக்கு ஆத்திரம் மட்டுந்தானா? அப்படியானால் அந்தச் சேலையை இத்தனை காலம் ஏன் மடித்து வைத்திருந்தீர்கள்?

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போயிற்று. தகரப் பெட்டியிலிருந்த குடும்பப் படங்கள் நனைந்து, காய்ந்தபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வளவுத் தகராறினால் அம்மாவும் பெரியம்மாவும் அந்நாட்களில் பேசுவதில்லை. அம்மா இரண்டு படங்களை நகத்தால் நெம்பிப் பிரித்தபோது, ஜெலட்டின் படலம் உரிந்து, பெரியம்மாவின் பாதி முகம் அம்மாவின் சேலைமேல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைச் சுரண்டினால் தன் படமும் போய்விடும் என்பதால் அப்படியே வைத்துக்கொண்டார். அந்த இருவரைப் பற்றி உறவினர் சொன்ன எந்தக் கதையிலும் அந்தப் படத்தில் இருந்த அளவு உண்மை இருந்ததில்லை.

ஆகவே உரித்துப் பாருங்கள். பற்றுச்சீட்டை லேசர் அச்சில் பிரதியெடுங்கள் (மூலத்தைக் கழற்றி அலுமாரியில் பூட்டுங்கள், அதில் பசை பூச உங்களுக்கு எப்படி மனம் வந்தது!). கன்வஸில் அக்ரிலிக் ஜெல் (பசைபோல் ஒட்டி, காய்ந்ததும் தெளியும் ஓவியப் பொருள்) தடவி, அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி பதித்து, ஒரு நாள் காயவிட்டு, பின்புறத்தை நனைத்து விரல் நுனியால் தாளைத் தேய்த்து உதிர்த்தால், மை மட்டும் ஜெல்லில் தங்கி எழுத்துகள் இடவலம் மாறி நிற்கும். இங்க்ஜெட் அச்சு கரைந்துவிடும். கூடுதலாகத் தேய்த்தால் அனுப்பிய தொகையே அழிந்துபோகும். குறைவாகத் தேய்த்தால் தாளின் வெண்மூட்டம் படிந்திருக்கும். எந்தச் சீட்டை அழிய விடுகிறீர்கள், எதில் கை தயங்குகிறது என்பதிலிருந்து உங்கள் ஓவியம் தொடங்கும். சிவப்பு தேவையா என்பதை அதன் பிறகு பார்க்கலாம்.

விளக்கக் குறிப்பு வேண்டவே வேண்டாம். இத்தாலியரான அல்பெர்த்தோ புர்ரி ஒரு மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு டெக்சாஸ் கைதிமுகாமில் இருந்தபோது வரையத் தொடங்கியவர். 1950களில் அவர் கிழிந்த சாக்குகளைத் தைத்துச் செய்த ஓவியங்களில் பலர் காயங்களையும் கட்டுத்துணிகளையும் கண்டார்கள். அவரோ விளக்கம் சொல்ல மறுத்துவிட்டார்.

சேலைத் துண்டை ஜெல்லில் அமிழ்த்திவிடாதீர்கள். கைத்தறி இழை கண்ணுக்குத் தெரியவேண்டும். கண்காட்சிக்கு வந்தால் அதை முதலில் அடையாளம் காணப்போவது உங்கள் தங்கைதான். அவரிடம் என்ன பேசுவது என்று மட்டும் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.