தொழில் தெரிந்தவருக்குத் தனியாக ஆசிரியர் பயிற்சி தேவையா?

வியாசர்பாடியில் வெல்டிங் கற்றுத்தரும் மையம் நடத்துகிறீர்கள்; ஊழியர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். இருபது வருடம் வெல்டிங் செய்தவருக்குக் கை தானாக ஓடும். அதைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லித்தருவது வேறு திறமை. அதற்காகவே சி.ஐ.டி.எஸ். (கிராஃப்ட் இன்ஸ்ட்ரக்டர் டிரெய்னிங் ஸ்கீம்) என்ற ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. கிண்டியிலுள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். தொழிலோடு கற்பிக்கும் முறையும் அதில் பாடம்.

சரி, சேர்க்கையும் வேலைவாய்ப்பும் பார்க்கும் ஊழியர்கள்? அவர்களை யாரும் நினைப்பதில்லை, அதுதான் என் வருத்தம். மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு அவர்களை அடிக்கடி அனுப்புங்கள். எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், ஷிஃப்ட் எப்படி, பெண்களுக்கு வண்டி வசதி உண்டா என்று நேரில் பார்க்கட்டும். அப்புறம், பாதியில் நின்ற பையனின் வீட்டுக்குப் போய்ப் பேசவும் பழக்குங்கள். கூலிக்குப் போயிருந்தால், 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையுடன் ஆலையில் தொழில் பழகும் வழியைச் சொல்லட்டும்.