ஏறும்போது 1.7, இறங்கும்போது 1.2

கேள்வி: கருவிகளுக்கிடையே கேபிள் வழியே 0, 1 எனத் தரவைத் தொடராக அனுப்பும் ஆர்எஸ்-232 இணைப்பில் +3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 0, −3 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் 1 என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சைகையைப் பெறும் மேக்ஸ்232 சிப்பின் ரிசீவர் உள்ளீட்டில் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றியபோது 1.7 வோல்ட்டிலேயே வெளியீடு மாறிவிட்டது. திரும்ப இறக்கியபோது 1.2 வோல்ட் வரும்வரை மாறவே இல்லை. சிப் பழுதா? (பாலிடெக்னிக் மாணவர் ஒருவர்)

பதில்: பழுது இல்லை. நீங்கள் மிகச் சரியாக அளந்திருக்கிறீர்கள். அந்தச் சிப்பின் டேட்டா ஷீட்டிலும் இவ்விரண்டு எண்களே வழக்கமான மதிப்புகளாகத் தரப்பட்டுள்ளன. ±3 வோல்ட் என்பது சிப் மாறும் புள்ளி அன்று. அந்த எல்லையைத் தாண்டி வரும் எந்தச் சைகையையும் ரிசீவர் பிழையின்றி அறிந்தாக வேண்டும் என்று ஆர்எஸ்-232 தரநிலை விதிக்கும் கடமை அது. அனுப்பும் முனை குறைந்தது 5 வோல்ட் தர வேண்டும் என்பதால், வழியில் 2 வோல்ட் இழந்தாலும் செய்தி பிழைக்கும். இடைப்பட்ட பகுதியில் எங்கே மாறுவது என்பது சிப்பை வடிவமைப்பவரின் விருப்பம்.

அவர் இரண்டு புள்ளிகளையும் பூஜ்யத்துக்கு மேலே வைத்ததற்குத் தக்க காரணம் உண்டு. கேபிள் கழன்றுவிட்டால், சிப்புக்குள் உள்ள ஏறத்தாழ 5 கிலோ ஓம் மின்தடை உள்ளீட்டைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுத்துவிடும். பூஜ்யம் 1.2-க்குக் கீழே இருப்பதால் ரிசீவர் அதை 1 என்று, அதாவது யாரும் பேசாத ஓய்வு நிலை என்று கொள்கிறது. மாறும் புள்ளி எதிர்ப்பக்கத்தில் இருந்திருந்தால், கழன்ற கேபிள் ஓயாத 0 ஆகத் தோன்றியிருக்கும்.

இனி அந்த 0.5 வோல்ட் இடைவெளி. நீண்ட கேபிளின் மின்தேக்குதிறனால் சைகை செங்குத்தாக ஏறாமல் சரிவாக ஏறுகிறது. அதன்மீது அருகிலுள்ள மோட்டாரின் இரைச்சல் 0.2 வோல்ட் அளவுக்கு மேலும் கீழும் ஆடுவதாகக் கொள்வோம். மாறும் புள்ளி 1.5 வோல்ட் என ஒன்றே ஒன்றாக இருந்தால், சைகை அதைக் கடக்கும் நேரத்தில் வெளியீடு பல முறை துடித்துவிடும். இரண்டு புள்ளிகள் இருக்கும்போது, 1.7-ஐத் தொட்டு ஒருமுறை மாறிய ரிசீவர், 1.2 வரை சரிந்தாலொழியத் திரும்பாது, மேலும் கீழுமாக மொத்தம் 0.4 வோல்ட் ஆட்டம் அதை அசைக்க முடியாது. ஏறும்போது ஒரு புள்ளியிலும் இறங்கும்போது வேறொரு புள்ளியிலும் மாறும் இப்பண்புக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். பள்ளி இயற்பியல் நூல்கள் காந்தவியலில் அதைத் 'தயக்கம்' என்கின்றன. அந்தச் சொல் இங்கும் அழகாகப் பொருந்துகிறது.

ஒரு முன்னெச்சரிக்கை: 0–5 வோல்ட் சைகையை நேரடியாகக் கொடுத்தாலும் இந்தச் சிப் ஏற்றுக்கொள்ளும் என்பதை உங்கள் சோதனையே காட்டுகிறது. அதை நம்பிக் கருவி எதையும் அமைக்காதீர்கள். பூஜ்ய வோல்ட்டை 1 என்று படிக்கும் கடமை தரநிலைப்படி எந்த ரிசீவருக்கும் இல்லை.