சிவந்த கண்ணும் காலைத் தூளும்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. நேற்றுக் காலையில் அவருடைய வலது கண்ணின் வெள்ளையில் பாதி, குங்குமம் கரைத்து ஊற்றியதுபோல் சிவந்திருந்தது. வலி இல்லை, பார்வையும் தெளிவாக இருக்கிறது என்கிறார். தீபாவளியின்போதும் இப்படி ஆகித் தானாகவே சரியாயிற்று. வழக்கமான தலைவலித் தூளைத் தேநீரோடு குடித்துவிட்டு எல்லா வேலையும் செய்கிறார். கண்ணைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். ஆளுக்கொரு சொட்டு மருந்து சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: எதையும் வாங்க வேண்டாம். விழிவெள்ளையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் நுண்ணிய இரத்தக்குழாய் ஒன்று உடைந்து, கசிந்த இரத்தம் அங்கேயே தேங்கியிருக்கிறது. பலத்த தும்மலோ இருமலோ கண்ணைக் கசக்கியதோகூட அதற்குப் போதும். எந்தச் சொட்டு மருந்தும் அதைக் கரைக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சள் பாரித்துத் தானே மறையும். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தில் கூச்சம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், கண்ணிலோ தலையிலோ அடிபட்டிருந்தாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணைப் பற்றி இவ்வளவுதான்.

'வழக்கமான தலைவலித் தூள்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அது எத்தனை ஆண்டு வழக்கம்? நம் ஊர்க் கடைகளில் காகிதத்தில் மடித்து விற்கும் அத்தகைய தூள்களில் பெரும்பாலும் ஆஸ்பிரின் இருக்கிறது. அது இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், வயிற்றைப் புண்ணாக்கும். போதாததற்கு, நாள்தோறும் குடிக்கிற தூளே மறுநாள் தலைவலியை வரவழைக்கவும் செய்யும். வீட்டில் ஒரு பெரிய மனுஷி தினமும் தலைவலிக்கு மருந்து குடிக்கிறார் என்றால், ஏன் வலிக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? கண் சிவந்ததும் படமெடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கையைப் பிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போகத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் உங்கள் கணவர் எங்குமே இல்லை என்பதையும் கவனித்தேன். பெற்ற தாயின் உடம்பை மருமகளின் பொறுப்பில் விட்டுவிட்டு மகன் ஒதுங்கிக்கொள்வது நம் குடும்பங்களில் பழகிப்போன வெட்கக்கேடு.

சில மாதங்களுக்குள் இரண்டாம் முறை வந்திருப்பதால், இந்த வாரமே உங்கள் கணவர் தாயை அழைத்துச் செல்லட்டும். இரத்த அழுத்தம் பெரும்பாலும் அடையாளம் காட்டாமலே ஏறும், அளந்தால்தான் தெரியும். அரசுக் கிளினிக்கில் அதற்குக் கட்டணம் இல்லை. சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இதயத்துக்கென்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மாத்திரையோ இருந்தால், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அந்தத் தூள் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள். அதையெல்லாம் மருந்து என்று உங்கள் மாமியார் நினைத்திருக்கவே மாட்டார், கேட்டாலும் சொல்ல மாட்டார்.