சுவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அமெரிக்க அரசமைப்பும் மதமும்: கேள்வி-பதில்

கே: 'சபைக்கும் (கிறிஸ்தவ திருச்சபைக்கும்) அரசுக்கும் இடையே பிரிக்கும் சுவர்' என்பது அமெரிக்க அரசமைப்பில் எங்கே வருகிறது? எனக்கு அகப்படவில்லை.

ப: அகப்படாது, அது அதில் இல்லை. ஜனாதிபதி ஜெபர்சன் 1802 ஜனவரி 1 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி ஊர் பாப்டிஸ்டுகளுக்கு (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) எழுதிய கடிதத்தில் வருகிறது. அரசமைப்பில் படிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. 6-வது பிரிவின் கடைசிப் பத்தி, கூட்டாட்சிப் பதவி எதற்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்கிறது. 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த முதல் திருத்தம், மதத்தை நிறுவியோ அதைப் பின்பற்றும் உரிமையைத் தடுத்தோ காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் போடக் கூடாது என்கிறது.

கே: அப்படியானால் மாசசூசெட்ஸில் 1833 வரை சபை வரி நீடித்தது எப்படி?

ப: திருத்தத்தின் எழுவாயைக் கவனியுங்கள்: 'காங்கிரஸ்'. மாநிலங்களை அது தொடவே இல்லை. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. டான்பரிக்காரர்களின் குறையும் சொந்த மாநிலத்தின் மீதுதான். கனெக்டிகட்டில் காங்கிரகேஷனல் சபை என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவுக்கு எல்லோரும் வரி கட்ட வேண்டும். பாப்டிஸ்ட் ஒருவர் தப்ப வேண்டுமானால், தான் வேறு சபையைச் சேர்ந்தவர் என்று சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும். கொடுக்காவிட்டால் வரி. 'இது எங்களுக்குச் சலுகை, உரிமை அல்ல' என்பதே அவர்கள் ஜெபர்சனுக்கு எழுதியதன் சாரம். ஜெபர்சனால் ஆறுதல்தான் சொல்ல முடிந்தது. அங்கே ஏற்பாடு மாறியது 1818-ல்.

மாநிலங்களையும் கட்டுப்படுத்த வழி திறந்தது 1868-ன் 14-வது திருத்தம். உச்ச நீதிமன்றம் அதன் வழியே மத சுதந்திரப் பகுதியை 1940-லும், மதத்தை நிறுவத் தடை என்ற பகுதியை 1947-லும் மாநிலங்கள் மீது பொருத்தியது. வேடிக்கை என்னவென்றால், அந்த 1947 தீர்ப்பு (எவர்சன் வழக்கு) சுவரை உயரமானது என்று புகழ்ந்துவிட்டு, கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தைப் பெற்றோருக்கு அரசு திருப்பித் தரலாம் என்று 5-4 என முடித்தது.

கே: எந்தச் சபைக்கு வரி போக வேண்டும் என்று கட்டுபவரே சொல்லலாம் என்றால் என்ன தப்பு?

ப: வர்ஜீனியாவில் பாட்ரிக் ஹென்றி 1784-ல் ஆதரித்த மசோதா ஏறக்குறைய இதுதான். பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மாடிசன் அதை எதிர்த்து எழுதிய 1785 மனுவில், தொகையை விட்டுவிட்டு அரசின் அதிகாரத்தையே கேள்வி கேட்டார்: ஒரு சபைக்காக மூன்று பென்ஸ் கட்டச் சொல்ல முடிகிற அரசு, நாளை அந்தச் சபைக்கே முழுக்கக் கட்டுப்படு என்றும் சொல்லும். பாப்டிஸ்டுகளும் பிரெஸ்பிட்டீரியன்களும் (இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர்) எதிர்த்து மனுப் போட்டார்கள். பக்திமான்களே எதிர்த்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மசோதா படுத்தது. 1786 ஜனவரியில் ஜெபர்சன் எழுதிய மத சுதந்திரச் சட்டம் வர்ஜீனியாவில் நிறைவேறியபோது அவர் பாரிஸில் தூதர். சட்டமன்றத்துக்குள் அதை நிறைவேற்ற வேலை பார்த்தவர் மாடிசன்.

கே: ஜனாதிபதி பதவியேற்பில் 'கடவுளே துணை' கட்டாயமா?

ப: இல்லை. 2-வது பிரிவின் வாசகத்தில் அது கிடையாது. சத்தியம் செய்ய மாட்டோம் என்ற குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) போன்றோருக்காக 'உறுதி கூறுகிறேன்' என்ற வழியும் வைத்திருக்கிறார்கள். நாணயத்தில் 'கடவுளை நம்புகிறோம்' வந்தது 1864-ல், தேசிய முழக்கமானது 1956-ல்.